பாணி ஆளுக்கா, தொழிலுக்கா?

நரியின் கழுத்துக்கும் கத்திக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம்கூட இல்லை.

"உருட்டும்மா" என்றார் மாமா.

ஸ்க்ரூ இருபது முகப் பகடையை உள்ளங்கைக்குள் வைத்து ஊதினாள். குலுக்கினாள். உருட்டினாள். மேஜையின் விளிம்புவரை ஓடிப்போய், விழலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, மல்லாந்து நின்றது பகடை.

மூன்று.

"போச்சு" என்றாள் அக்கா.

மருந்துக்கடைக்கு மேலே இருந்த அறை அது. சுவரோரம் இருமல் மருந்துப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஞாயிறு மதியம் கடைக்கு விடுமுறை. அன்று மட்டும் கடைக்காரரான மாமா, அக்காவின் கணவர், மாத்திரைகளை மறந்துவிட்டு நடுவர் ஆகிவிடுவார். காடு, கோட்டை, காவலாளி, காற்று எல்லாமே அவர்தான். மேஜையைச் சுற்றி உட்காரும் மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா என்று பகடை சொல்லும். பிறகு என்ன ஆயிற்று என்று மாமா சொல்வார்.

ஸ்க்ரூவின் பாத்திரம்தான் நரி. மூன்று வருடமாக ஆடி வளர்த்த திருடி.

ஸ்க்ரூ என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். கைக்கு எட்டிய எதையும் கழற்றிப் பார்க்காமல் விட்டதில்லை அவள். வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. வேலையில் அவள் எறும்பு. ஒரு போல்ட்டை மூன்று முறை தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த போல்ட். லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் ஒரு அடி பிசகினால் ஆள் இல்லை. ஆனால் நரி அப்படியல்ல. கூரையிலிருந்து கூரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு தாவுவாள். வாரம் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும் ஒருத்திக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு தாவல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அந்த நரிதான் இப்போது கத்திமுனையில். இந்த ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான். மந்திரம், மறுபிறவி, மன்னிப்பு எதுவும் கிடையாது. ஆரம்பித்த அன்றே நாலு பேரும் ஒத்துக்கொண்ட சட்டம்.

"இருங்க மாமா, இருங்க!" ஸ்க்ரூ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "எங்கிட்ட ஒரு வித்தை இருக்கு. உயிர்தப்பு! சாகடிக்கிற முதல் அடியில இருந்து உருண்டு தப்பிக்கலாம்."

"படி."

அவள் விதிப்புத்தகத்தைப் புரட்டி வாசித்தாள். "முன்னுணர்வு உடையவர், தம்மைக் கொல்லக்கூடிய முதல் அடியிலிருந்து உருண்டு தப்பலாம். எப்பக்கம் உருள்வது என்பது அவர் விருப்பம்." புத்தகத்தை டப்பென்று மூடினாள். "உருண்டுட்டேன்!"

மாமா தலையாட்டப் போனார். அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தொண்டைச் செருமல்.

பிரேக்.

அவர் பஸ் டிரைவர். எந்த விளையாட்டையும் நல்ல வேகத்தில் போகும்போது நிறுத்துவார் என்பதால் அந்தப் பெயர். ஆட்டத்தில் அவர் பாத்திரம் புகை என்ற மந்திரவாதி.

"தங்கச்சி, தப்பா நினைக்காதே. உனக்கு ஏது முன்னுணர்வு?"

"இருக்கே அண்ணே!"

"திருடிக்கு இருக்கும். ஆனா நீ சும்மாத் திருடியா? கூரைப் பாணித் திருடி. அந்தப் பாணி என்ன சொல்லுது? படிச்சுப் பாரு."

ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் உண்டு: திருடி, வீரர், வைத்தியர், வேடர், மந்திரவாதி. தொழிலில் படிப்படியாக ஏறினால் படிக்கு ஒரு திறமை கிடைக்கும். தொழிலுக்குள்ளேயே பாணிகளும் உண்டு. பாணி என்பது பண்டமாற்று. தொழில் கொடுத்த ஒரு திறமையைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கும். வித்தை என்பது இதற்கெல்லாம் மேலே, அவரவர் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளும் தனிச் சாமர்த்தியம். ஆனால் ஒவ்வொரு வித்தையும் 'இன்ன திறமை இருந்தால்தான் வருவேன்' என்று அடம் பிடிக்கும்.

ஸ்க்ரூ பாணியின் வரியை வாசித்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கூரைப் பாணியை எடுப்பவர் முன்னுணர்வை இழக்கிறார். பதிலாகக் கூரைநடை பெறுகிறார்."

"இழந்தாச்சா?"

"இழந்தேன். ஆனா அப்புறம் நான் வேடர் தொழிலும் கத்துக்கிட்டேன் அண்ணே! வேடருக்கு முதல் படியிலேயே முன்னுணர்வு உண்டு. அதை வெச்சுதான் இந்த வித்தையையே எடுத்தேன்."

"எடுப்பவர் இழக்கிறார்னு போட்டிருக்கு. எடுத்தது யாரு? நீ. இழந்தது யாரு? நீ. ஒரு வாசல்ல வேண்டாம்னு குடுத்துட்டு இன்னொரு வாசல்ல வந்து வாங்கிக்கிறதுக்கு இது என்ன கல்யாணச் சாப்பாடா?"

அக்கா சிரித்துவிட்டாள். ஸ்க்ரூ முறைத்தாள்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். பகல் முழுக்க ஊரார் தோளையும் முழங்காலையும் மடக்கி நீட்டுகிறவள். ஆட்டத்தில் அவள் பாறை. பாதி வீரர், பாதி வைத்தியர். இந்த நிமிடம் பாறை, நரி மாட்டிக்கொண்ட அதே கோட்டைக்குள், இடிந்து இறங்கும் கல்கூரையைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். கூரைக்கு அடியில் புகை மாட்டிக்கொண்டிருக்கிறார். அவரை வெளியே இழுக்க நரி ஓடி வந்தபோதுதான், மறைந்திருந்த காவலாளி அவளை மடக்கினான்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் துடைத்தால் தீர்ப்பு தள்ளிப்போகிறது என்று பொருள்.

"கேள்வி இதுதான். பாணி ஆளுக்கு ஒட்டுதா, தொழிலுக்கு ஒட்டுதா? ஆளுக்குன்னா நரி எத்தனை தொழில் கத்தாலும் முன்னுணர்வு இல்லை. காலி. தொழிலுக்குன்னா, திருட்டுல இழந்தது திருட்டோட போச்சு. வேட்டையில வந்தது பத்திரமா இருக்கு. நரி பிழைச்சா." கண்ணாடியை மாட்டினார். "அடுத்த ஞாயிறு சொல்றேன். அதுவரைக்கும் கத்தி அங்கேயே நிக்கட்டும்."

"ஒரு வாரம் கழுத்துல கத்தியோட நிக்கணுமா மாமா?"

"உங்க அக்காவும்தான் ஒரு வாரம் கூரையைத் தாங்கணும். அவளைப் பாரு, வாயைத் திறக்கிறாளா?"

"நான் வீட்டுலயே தாங்கிப் பழகினவ" என்றாள் அக்கா, கணவரைப் பார்க்காமலே.

*

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போதும் ஸ்க்ரூவின் மண்டைக்குள் அதே கேள்விதான் ஓடியது. ஆளுக்கா, தொழிலுக்கா? பல் துலக்கும்போது ஆளுக்கு என்று பட்டது. பஸ் ஏறும்போது தொழிலுக்கு என்று பட்டது. நரி பிழைக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று அரித்தது: உண்மையில் இது எப்படித்தான் வேலை செய்கிறது?

அவள் நல்ல வக்கீலாகப் பேசி ஜெயித்துவிடலாம். ஆனால் மூடியைத் திறந்து உள்ளே பார்க்காமல் ஒரு மிஷினை 'ஓடும்' என்று சொல்லிப் பழக்கமில்லை.

புதன்கிழமை ஒரு அடுக்குமாடிக் கட்டடம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். இடது லிஃப்டுக்குப் புது மோட்டார், தடிமனான புதுக் கயிறுகள், புதுப் பேனல். ஆறு பேர் ஏறிய பெட்டியில் இனி பத்துப் பேர் ஏறலாம். ஆனால் கரண்ட் போனால் பெட்டியைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் விடும் பழைய பேட்டரிக் கருவிக்கு இந்தப் பெரிய மோட்டாரைச் சுழற்றும் சக்தி இல்லை. அதைக் கழற்றிவிட்டாள்.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் காலையிலிருந்து அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். ஓய்வு பெற்றவர். கேள்விகளுக்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர்.

"ஏம்மா, அந்த பேட்டரிப் பெட்டியைக் கழட்டிட்டியே. இப்ப கரண்ட் போனா லிஃப்ட் நடுவுல நின்னுடுமா?"

"இது நிக்கும் சார். பெரிய பேட்டரி வர்ற வரைக்கும்."

"அப்ப அந்த வலது லிஃப்டும் நிக்குமா?"

"அது எதுக்கு சார் நிக்கும்? கழட்டினது இதுல. அதுல அதோட பேட்டரி அப்படியேதான் இருக்கு."

சொல்லிவிட்டு ஸ்பானரோடு அப்படியே நின்றாள் ஸ்க்ரூ.

இதில் கழற்றினால் இதில்தான் இல்லை. அதில் இருப்பது அதில் இருக்கிறது. இரண்டும் ஒரே கட்டடம். ஆனால் கட்டடத்திடமிருந்து யாரும் எதையும் கழற்றவில்லை!

"நரி பிழைச்சா!" என்றாள் சத்தமாக.

செயலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். "நரியா? பார்க்கிங்ல நாய்தானே இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்ல கேள்வி கேட்டீங்க சார். இன்னும் ஏதாவது கேளுங்க."

அவரிடம் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை போலும். முகம் மலர்ந்துவிட்டது. "அப்படின்னா இன்னொண்ணு. இடதுல இப்போ பத்துப் பேர் போலாம்னியே. வலதுலயும் பத்துப் பேர் போலாமா?"

"எப்படி சார்? புதுக் கயிறு போட்டது இதுக்கு. அண்ணனுக்கு ஊசி போட்டா தம்பிக்குக் காய்ச்சல் இறங்குமா?"

சிரித்துக்கொண்டே திரும்பியவளின் சிரிப்பு பாதியில் நின்றது.

பாரம்.

தோள்.

பாறை!

ஷாஃப்டின் சுவரில் சாய்ந்துகொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டாள். அக்கா வீரர் தொழிலில் எடுத்தது மலைப் பாணி. வேக ஓட்டத்தை விட்டுக்கொடுத்து, தோள்தாங்கு வாங்கிக்கொண்டாள். விதியின் வரி ஸ்க்ரூவுக்கு மனப்பாடம்: 'படிக்கு ஒரு பாரம் தாங்கலாம்.' பாறை வீரரில் மூன்று படி ஏறியவள், வைத்தியரில் நான்கு. கூரையின் கனம் ஐந்து பாரம். மூன்றையும் நான்கையும் கூட்டி ஏழு என்று சொல்லி அக்கா கூரையை அலட்சியமாக ஏந்திக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிரேக்கூடப் பிரேக் போடவில்லை. 'படி' என்றால் எந்தப் படி? தொழில் படியா, மொத்தப் படியா? இத்தனை காலமும் நாலு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு, வசதிப்படி அர்த்தம் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள்.

பாணி ஆளுக்கு என்றால் ஏழு படியும் செல்லும். கூரை நிற்கும், நரி சாவாள். பாணி தொழிலுக்கு என்றால் நரி பிழைப்பாள். ஆனால் அக்காவுக்கு வீரரின் மூன்று படிதான். ஐந்து பாரக் கூரை, மூன்று பாரத் தோள்.

ஒரே சாவி. ஒரு பூட்டைத் திறந்தால் இன்னொரு பூட்டு விழுகிறது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் செயலாளர்.

"எனக்கில்ல சார். எங்க அக்காவுக்கு."

*

ஞாயிறு மதியம் அறைக்குள் நுழைந்தபோது ஸ்க்ரூ முடிவெடுத்திருந்தாள். பேசக் கூடாது. பாறை அக்காவின் செல்லம். நாள் முழுக்க அடுத்தவர் வலியைப் பிசைந்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு சுத்தியலைத் தூக்கிச் சுழற்றுவதில் அவளுக்கு இருந்த குஷியைத் தங்கை பார்த்திருக்கிறாள். நரி போனால் போகட்டும். வாயை மூடிக்கொண்டால் கூரையைப் பற்றி யாருக்கும் தோன்றாது.

மாமா டீ டம்ளரை ஓரமாக வைத்தார். "சரி, நரியோட வக்கீல் பேசலாம்."

"பேச ஒண்ணுமில்ல மாமா" என்றாள் ஸ்க்ரூ. "யோசிச்சுப் பார்த்தேன். அண்ணன் சொன்னதுதான் சரி. பாணி ஆளுக்குத்தான். நரி செத்துட்டா."

பிரேக்கின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது. "என்ன தங்கச்சி, ஒரு சண்டைகூடப் போடாம? நான் வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பதிலெல்லாம் தயார் பண்ணிட்டு வந்தேனே!"

"நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பாணி தொழிலுக்குத்தான் ஒட்டும். திருட்டுல விட்டது திருட்டோட. வேட்டை வேற. நரி பிழைச்சா."

ஸ்க்ரூ மேஜைக்கு அடியில் அக்காவின் காலை மிதித்தாள். "இல்லக்கா. எடுப்பவர் இழக்கிறார்னு தெளிவாப் போட்டிருக்கு."

அக்கா இரண்டு மடங்கு பலத்தோடு திருப்பி மிதித்தாள். பிசியோதெரபிஸ்டின் மிதி. எங்கே வலிக்கும் என்று தெரிந்த மிதி. "எடுப்பவர்னா அந்தத் தொழிலை எடுப்பவர்டீ. நீ சும்மா இரு."

"நீ சும்மா இருக்கா!"

"ஒரு நிமிஷம்." மாமாவின் கண்கள் சுருங்கின. "இந்த மேஜையில தன் ஆளைக் காப்பாத்தத்தான் எல்லாரும் சண்டை போட்டிருக்கீங்க. முதல் தடவையா ஒருத்தி என்னைக் கொல்லுன்னு கேக்கறா, இன்னொருத்தி குறுக்க விழறா. ரெண்டு பேரும் எதையோ மறைக்கிறீங்க."

 பிரேக் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மேஜையைப் பார்த்தார். நரியின் பொம்மையைப் பார்த்தார். பாறையின் பொம்மையைப் பார்த்தார். அவர் விரல்கள் மெல்ல மடிந்தன. மூன்று மடிந்ததும் நின்றன.

"அடிப்பாவிங்களா! கூரை!"

"உஷ்" என்றாள் அக்கா.

"என்ன உஷ்? அந்தக் கூரைக்கு அடியில நான்தானே நிக்கிறேன்! ஐயா நடுவரே, பாணி ஆளுக்குத்தான். சத்தியமா ஆளுக்குத்தான். போன வாரம் நியாயத்துக்காகப் பேசினேன், இந்த வாரம் உயிருக்காகப் பேசறேன்!"

மாமா ஒரு கணம் விழித்தார். பிறகு அவருக்கும் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று அக்காவைக் கேட்டாள் ஸ்க்ரூ.

"வியாழக்கிழமை. ஒரு தாத்தாவுக்கு இடது தோளுக்குப் பயிற்சி குடுத்துக்கிட்டிருந்தேன். வலது தோளும் சேர்ந்து பலமாயிடுமான்னு கேட்டார். ஆகாது தாத்தான்னு சொல்லும்போதே எனக்குப் பாறை ஞாபகம் வந்துடுச்சு. உனக்கு?"

"புதன்கிழமை. லிஃப்ட்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு லிஃப்ட், ஒருத்திக்குத் தோள்; போய்ச் சேர்ந்தது ஒரே இடம்.

"அப்ப உனக்கும் தொழிலுக்குன்னுதான் தோணிச்சு" என்றாள் அக்கா.

"நான் அப்படிச் சொல்லலையே."

"நரியை மற. பாறையையும் மற. யாரோ தெரியாத ரெண்டு பேர் ஆடுறாங்க, உங்கிட்ட வந்து கேக்கறாங்க. பாணி எதுல ஒட்டும்?"

ஸ்க்ரூ வாயைத் திறந்தாள். 'ஆளுக்கு' என்று சொல்ல ஒரே ஒரு சொல்தான். வரவில்லை. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாகிவிட்டது. இனி தெரியாதது போல் நடிக்க அவளுக்குத் தெரியாது.

"தொழிலுக்கு" என்றாள்.

"அவ்வளவுதான்" என்று கணவரிடம் திரும்பினாள் அக்கா. "எழுதிக்கோங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சு வெச்சிருந்தேன்" என்றார் மாமா, மெதுவாக. "ஆனா கூரை எனக்குத் தோணலை." தொண்டையைச் சரிசெய்துகொண்டார். நடுவரின் குரல் வந்தது. "கத்தி இறங்குது. நரி உருளுறா. எந்தப் பக்கம்?"

"வாசல் பக்கம் உருளு!" என்றாள் அக்கா.

ஸ்க்ரூ மேஜையைப் பார்த்தாள். வாசல் பக்கம் உருண்டால் நரி பத்திரம். கூரைப் பக்கம் உருண்டால், புகையைத் தள்ளிக்கொண்டு மறுபுறம் வெளியேற ஒரு மூச்சு நேரம் கிடைக்கலாம். பாறை வெகு தூரம், நரிக்கு எட்டாது. ஸ்க்ரூவாக இருந்தால் மூன்று முறை தொட்டுப் பார்த்திருப்பாள்.

"கூரைக்கு அடியில. அண்ணன் மேல மோதுறேன்."

"உருட்டு."

பகடை ஓடியது. பதினாறு.

"நரியும் புகையும் ஒருத்தர் மேல ஒருத்தர் புரண்டு மறுபக்கம் விழறாங்க. பின்னாடி சத்தம்." மாமா நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். "நான் சொல்லவா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன்." அக்கா பாறையின் பொம்மையைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் அதன் தோளைத் தடவினாள். "பாறை திரும்பிப் பார்க்கிறா. ரெண்டு பேரும் வெளிய போயாச்சு. சரின்னு கையை எடுத்துடறா."

 கீழே தெருவில் யாரோ மூடியிருந்த கடைக் கதவைத் தட்டி, பார்த்து, போய்விட்டார்கள். பிரேக் மூக்கை உறிஞ்சினார். "எனக்காக உசிரை விட்டுட்டியேம்மா."

"உங்களுக்காக இல்ல, சட்டத்துக்காக."  அக்கா பொம்மையைப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள். ஸ்க்ரூ நாற்காலியை நகர்த்தி, அக்காவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.  அக்கா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்கிற குட்டுதான்.

பிறகு டீ ஆறிப்போயிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தாள். விதிப்புத்தகத்தை இழுத்து, பக்கங்களைப் புரட்டினாள். முதலில் சும்மா. அப்புறம் கொஞ்சம் நிதானமாக. ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஏய், இங்க பாரு. ஒருத்தி திருட்டும் கத்துக்கிறா, வேட்டையும் கத்துக்கிறா. பாணியே எடுக்கலை. ரெண்டு தொழிலும் அவளுக்கு முன்னுணர்வைக் குடுக்குது."

"ஆமா" என்றாள் ஸ்க்ரூ.

"அப்ப உயிர்தப்பு வித்தை எடுத்தா, அவ ஒரு தடவை தப்பிப்பாளா, ரெண்டு தடவை தப்பிப்பாளா?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். பிரேக் முதன்முறையாகச் செருமவில்லை.

"தெரியலையே" என்றாள் ஸ்க்ரூ. சொல்லும்போதே அவள் கண் விரிந்தது. "தள்ளு, தள்ளு, நான் பார்க்கிறேன்."

"நான்தான் முதல்ல பார்த்தேன். கையை எடுடீ!"